ஈறு மன்னிக்கும், எனாமல் மன்னிக்காது

பல்லுக்குக் கிளிப் போட்டவர்களும், போட்டவர்களைப் பெற்றவர்களும் இந்த மாதம் நிறைய எழுதியிருக்கிறார்கள். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே சொல்: ரத்தம். அங்கிருந்தே தொடங்குவோம்.

கேள்வி: மகளுக்குக் கிளிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். பயந்துபோய், "கொஞ்ச நாள் பிரஷ் போடாதே, வாய் மட்டும் கொப்பளி" என்று சொல்லிவிட்டேன். சரிதானே டாக்டர்?
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இன்று ராத்திரியே மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள் அம்மா. ஆரோக்கியமான ஈறு, பிரஷ் பட்டதற்கெல்லாம் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படிந்து கிடக்கும் கிருமிப் படலத்தோடு உங்கள் மகளின் உடம்பு மல்லுக்கு நிற்கிறது. அதனால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, ஈறு சிவந்து, உப்பி, தொட்டால் கசிகிறது. ரத்தம் வருகிறதென்று பிரஷை நிறுத்துவது, ராத்திரி குரைக்கிறதே என்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்கு வழி விடுவது மாதிரி.

இது 1965லேயே நிரூபணமான சங்கதி. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும், ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. துலக்கியது ஒன்றுதான் வைத்தியம்.

மிருதுவான பிரஷ் வாங்கிக் கொடுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், பிறகு குறையும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: கிளிப் போடுவதற்கு முன்பு எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. அப்படியானால் கிளிப்தானே குற்றவாளி?
கல்லூரி மாணவர், மதுரை

பதில்: குற்றவாளி கிருமி. கிளிப் அதற்குத் திண்ணை கட்டிக் கொடுத்தது.

கிளிப் இல்லாத பல்லை உதடும் கன்னமும் நாக்கும் நாள் முழுக்க உரசித் துடைத்துக்கொண்டே இருக்கின்றன. அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை தினமும் ஊறும் எச்சில் அலசி விடுகிறது. பல்லின் முகத்தில் ஒரு பிராக்கெட்டை ஒட்டி, கம்பியைச் செருகி, சின்ன ரப்பர் வளையத்தையும் மாட்டிய பிறகு, ஒவ்வொரு பல்லிலும் நாலைந்து மூலை முடுக்கு உண்டாகிவிடுகிறது. அங்கே நாக்கும் போகாது, எச்சிலும் சரியாக ஓடாது.

தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே, எச்சிலில் இருக்கும் புரதங்கள் பல்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையறா. பெரும்பாலும் சாதுக்கள். ஆனால் முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் முதலில் ஏறியவர் துண்டைப் போட்டுச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இடம் பிடிப்பாரே, அந்த வேலையை இவை செய்துவிடும். அடுத்து ஃப்யூசோபாக்டீரியம் என்ற நீளமான கிருமி வந்து, முன்னால் வந்தவர்களையும் பின்னால் வருகிறவர்களையும் கைகோத்து விடுகிறது. கடைசியில் வருவது, காற்றே ஆகாத போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற முரடர்கள். அவர்கள் குடியேறுவது ஈறுக்கு அடியில், வெளிச்சம் படாத இடத்தில். தினமும் தேய்ப்பதன் பொருள், துண்டு போட்டவர்களை அன்றன்றைக்கே எழுப்பிவிடுவது.

மருத்துவர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. பிராக்கெட்டை ஒட்டும்போது பிதுங்கி வழிகிற பசையை ஈறு ஓரத்தில் விட்டுவிடக் கூடாது. அந்தச் சொரசொரப்பில் படலம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நாக்கால் தடவும்போது ஏதாவது நெருடினால் தயங்காமல் சொல்லுங்கள். சரிசெய்யச் சில நிமிடம் போதும்.

கேள்வி: ஒரு நாள், ஒரே ஒரு நாள், ராத்திரி பல் தேய்க்காமல் தூங்கினால் என்ன ஆகிவிடும்?
பிளஸ் டூ மாணவி, கரூர்

பதில்: ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. "ஒரு நாள்தானே" என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாய் என்பதைத்தான் ஈறு கணக்கு வைத்திருக்கிறது.

கேள்வி: வாயில் இருக்கும் கிருமிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்துக்கட்ட ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டால் என்ன? மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுக்கிறார்களே?
ஒரு தொழில்முனைவோர், திருப்பூர்

பதில்: வயலில் களை முளைத்தால் களையைப் பிடுங்குவோம். வயலுக்கு நெருப்பு வைக்கிறவர் யாருமில்லை.

1683ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக், தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே உயிர்கள் துள்ளி ஓடின. அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அவர் பார்த்த கூட்டத்தில் 700க்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதை இன்று அறிவோம். அத்தனையும் எதிரிகள் இல்லை. கீரையில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, ரத்தக் குழாய் தளர்வதற்கு உதவி செய்வதே நாக்கின் மேல் குடியிருக்கும் கிருமிகள்தான்.

மேலும், பல்மேல் படிந்த படலம் கிருமிகள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட கோட்டை. பசை மாதிரியான பொருளால் கட்டிய அந்த மதிலுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. சாதாரண ஈறு அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மருந்தே இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கினால், உங்கள் வயிறு கெடும். கிருமிகள் மருந்தோடு பழகிவிடும். ஈறு அப்படியே இருக்கும்.

கேள்வி: ஐந்து நிமிடம் தேய்க்கிறேன். இருந்தும் ஒவ்வொரு முறை கம்பி மாற்றப் போகும்போதும் "சரியாகத் தேய்க்கவில்லை" என்று டாக்டர் சொல்கிறார். என்னதான் செய்வது?
ஐ.டி. ஊழியர், கோவை

பதில்: நேரம் சரியாக இருக்கிறது, இடம் தவறுகிறது. கிளிப் போட்டவர்கள் பெரும்பாலும் பிராக்கெட்டைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, அதற்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான பட்டையை விட்டுவிடுகிறார்கள். நோய் ஆரம்பிப்பதே அங்கேதான்.

பல்லை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஈறு ஓரம்: பிரஷை 45 டிகிரி சாய்த்து, பாதி நார் ஈறு மேலும் பாதி பல் மேலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். அடுத்து, பிராக்கெட்டின் மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் கம்பிக்கு அடியில் நார் நுழையும்படி தேய்க்க வேண்டும். கடைசியாகத்தான் பிராக்கெட்டின் முகம். உள்பக்கத்தையும் மெல்லும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். பிறகு, பாட்டில் கழுவும் பிரஷை விரல் நுனி அளவுக்குச் சுருக்கிய மாதிரி ஒரு சின்ன பிரஷ் கடையில் கிடைக்கும். "இன்டர்டென்டல் பிரஷ்" என்று கேளுங்கள். அதைக் கம்பிக்கு அடியில், ஒரு பிராக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில், மேலிருந்து கீழாக விட்டு எடுங்கள். ராத்திரி ஒரு தடவை செய்தால்கூடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

எங்கே விடுபடுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், படலத்தில் சாயம் ஏற்றிக் காட்டும் மாத்திரை இருக்கிறது. தேய்த்து முடித்துவிட்டு அதை மென்று துப்பி, கண்ணாடியில் பாருங்கள். சிவப்பாக நிற்கும் இடமெல்லாம் நீங்கள் விட்ட இடம். ஒரு தடவை பார்த்தால் டாக்டர் மேல் இருக்கும் கோபம் போய்விடும்.

பிராக்கெட்டில் உரசி உரசி பிரஷ் நார் சீக்கிரம் பரட்டையாகிவிடும். மூன்று மாதம் வரை காத்திருக்காமல், விரிந்ததுமே மாற்றுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் வரும் மவுத்வாஷால் காலையும் மாலையும் கொப்பளிக்கிறேன். பிரஷ் போடும் நேரம் மிச்சமாகிறது. போதும்தானே?
ஒரு விற்பனைப் பிரதிநிதி, சேலம்

பதில்: உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது. தினமும் அதில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பாசி போயிற்றா? உள்ளே இறங்கித் தேய்த்தால்தானே போகும்? பல் படலமும் அப்படித்தான். தேய்த்த பிறகு கொப்பளிக்கலாம். தேய்ப்பதற்குப் பதிலாகக் கொப்பளிக்க முடியாது.

குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் ஈறு வீக்கத்துக்கு நல்ல உதவி. ஆனால் அது மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு மட்டும். வழக்கமாக இரண்டு வாரம். மாதக்கணக்கில் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசி மாறும். ஃப்ளோரைடு கலந்த மவுத்வாஷ் வேறு வகை. அது எனாமலைக் காப்பதற்கு. கிளிப் இருக்கும் காலத்தில் தினமும் பயன்படுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பற்பசையிலும் 1,000 முதல் 1,500 பி.பி.எம். ஃப்ளோரைடு இருக்கிறதா என்று டியூபின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்றார்கள் பெரியவர்கள். பேரனை வேப்பங்குச்சியில் துலக்கி, நல்லெண்ணெயில் கொப்பளிக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்.
ஒரு தாத்தா, தஞ்சாவூர்

பதில்: பழமொழி பொய்யில்லை ஐயா. அது பிறந்த காலத்துப் பல்லில் கம்பி இல்லை, அவ்வளவுதான். வேப்பங்குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது. நுழைத்து நெம்பினால் பிராக்கெட் கையோடு வந்துவிடும். சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் இவையும் வேண்டாம், எனாமலைத் தேய்த்துவிடும்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பைச் சிறிய ஆய்வுகளில் சோதித்துப் பார்த்து, படலமும் ஈறு அழற்சியும் ஓரளவு குறைவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் பிரஷ் போட்டுவிட்டு அதையும் செய்தால் தடையில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும் புண்ணுக்கு இதம். ஆனால் முதல் மரியாதை பிரஷுக்குத்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா தலைமுறை தோட்டத்தில் வேலை செய்தது. பிரஷும் இல்லை, பற்பசையும் இல்லை, பல் டாக்டரும் இல்லை. அவர்களுக்குப் பல் நன்றாகத்தானே இருந்தது? நாம்தான் ஈறு, கிருமி என்று பயப்படுகிறோமா?
ஒரு ஆசிரியை, ஹட்டன்

பதில்: இந்தக் கேள்விக்கு உங்கள் மலையகமே விடை சொல்லியிருக்கிறது. மேலே சொன்ன அதே ஹரால்ட் லோவின் குழு, 1970ல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. பிரஷ் பழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத மக்கள். 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி வரவில்லை. சுமார் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறோடு நின்றது. 81 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு மெதுவாகக் கரைந்தது. 8 சதவீதம் பேருக்கு வேகமாகக் கரைந்து, நடு வயதிலேயே பல் விழுந்தது.

உங்கள் தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டத்தில் பிறந்திருக்கிறான் என்று எந்தக் கண்ணாடியிலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் தேய்க்கச் சொல்கிறோம். அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு பிரஷும் ஒரு பல் மருத்துவரும் கிடைத்திருந்தால் அவர்களில் பலருடைய பல் தப்பியிருக்கும். உலகத்துப் பல் மருத்துவப் பாடப் புத்தகங்களில் இன்று இருப்பது அவர்களுடைய வாய் சொன்ன பாடம். அதை வீணாக்கக் கூடாது.

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கும், பொங்கலுக்குக் கரும்பும் கிடையாதா?
ஏழாம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

பதில்: கரும்பைக் கடிக்காதே, சாறாகக் குடித்துவிட்டு வாயை நன்றாகக் கொப்பளி. முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்க்கும். ஜவ்வு மிட்டாய் கம்பியில் ஒட்டிக்கொண்டு கிருமிக்கு விருந்து வைக்கும். இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் உன் கட்சி. கொய்யாவைப் பல்லால் கடிக்காமல் அம்மாவிடம் துண்டு போட்டுத் தரச் சொல். சாம்பார் மஞ்சள் ஏறி ரப்பர் மஞ்சளானால் பயப்படாதே. அது கறைதான், அடுத்த தடவை டாக்டர் மாற்றிவிடுவார்.

கேள்வி: மகனுக்கு வயது 14. ஈறு வீங்கி, கீழ்ப் பல்லில் பிராக்கெட்டே பாதி மூடிவிட்டது. அறுத்து எடுக்க வேண்டுமா?
ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: கத்தியை எடுப்பதற்கு முன் பிரஷை எடுப்போம். இந்த வயதில் உடம்பில் ஊறும் ஹார்மோன்கள், கொஞ்சம் படலத்துக்கே ஈறை அதிகமாக உப்ப வைக்கும். வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு மேல் முன்பல் ஈறு காய்ந்து, வீக்கம் இன்னும் கூடும். ஈறு உப்பினால் பல்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பை உண்டாகிறது. அந்தப் பையில் மேலும் படலம் சேர, ஈறு மேலும் உப்புகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டும்: டாக்டரிடம் சுத்தம், வீட்டில் இரண்டு வேளைத் துலக்கல். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீக்கம் இதிலேயே வடியும். கிளிப் எடுத்த பிறகு சில மாதங்களில் மிச்சமும் வடியும். அப்படியும் தடித்து நிற்கும் ஈறை மட்டும்தான் சீர்செய்ய வேண்டி வரும்.

இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகள் ஈறைத் தடிக்க வைக்கும். மகன் ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் பல் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கவரிங் நகையோ வாட்சோ பட்டால் தோல் அரிக்கும் பிள்ளைகளுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். கம்பியிலும் நிக்கல் உண்டு.

கேள்வி: எனக்கு 45 வயது. சர்க்கரை இருக்கிறது, ஈறில் ரத்தமும் வருகிறது. மகள் கல்யாணத்துக்குள் முன்பல் இடைவெளியை மூடக் கிளிப் போடலாமா?
குடும்பத் தலைவி, சென்னை

பதில்: போடலாம் அம்மா, ஆனால் வரிசை முக்கியம். முதலில் சர்க்கரை, அடுத்து ஈறு, மூன்றாவதுதான் கிளிப்.

பல் நகர்வது எப்படித் தெரியுமா? கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கம் புதிதாக எலும்பு வைக்கிறது. ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் கட்டும் கொத்தனார் வேலை. ஈறு நோய் ஏற்கெனவே எலும்பை அரித்துக்கொண்டிருக்கும்போது மேலே கம்பியும் இழுத்தால், இடிப்பது மட்டும் நடக்கும், கட்டுவது நடக்காது. நோய் அடங்கிய பிறகு, எலும்பு கொஞ்சம் குறைந்த பல்லைக்கூட மெல்லிய விசையில் பத்திரமாக நகர்த்தலாம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு முதலில் ஈறு மருத்துவரைப் பாருங்கள். இடைவெளி புதிதாக விழுந்தது என்றால், அதற்குக் காரணமே ஈறு நோயாக இருக்கலாம்.

கேள்வி: பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்கிறார்களே?
ஒரு ஓய்வுபெற்ற எழுத்தர், திருநெல்வேலி

பதில்: பல்லை ஆட்டியது காரை. தேய்க்காமல் விட்ட படலம்தான் நீண்ட காலமாகக் கல்லாக இறுகிக் காரையாகி, கரைந்த எலும்பின் இடத்தை அடைத்துக்கொண்டு, ஆடும் பல்லுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. அதை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது. கிளிப் இருக்கும்போதும் காரையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். அது பிரஷுக்கு அசையாது.

கேள்வி: கழற்றி மாட்டும் அலைனர் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே?
ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: தேய்ப்பது எளிது, தேய்க்காமல் இருக்க அனுமதி இல்லை. தினமும் 20 முதல் 22 மணி நேரம் பல்லை மூடியிருக்கும் உறை அது. சாப்பிட்டுவிட்டுத் துலக்காமல் மாட்டினாலும், மாட்டிக்கொண்டே இனிப்புக் காபி குடித்தாலும், கிருமிக்குச் சோறு போட்டுக் கதவையும் சாத்தியதாகிவிடும்.

கேள்வி: ஒன்றரை வருடமாகத் தவணை கட்டுகிறேன். பையன் பல் தேய்க்க மாட்டேன் என்கிறான். "எல்லாம் கிளிப் எடுத்ததும் சரியாகிவிடும்" என்கிறான். விட்டுவிடலாமா?
ஒரு தந்தை, ஈரோடு

பதில்: பையன் சொல்வதில் பாதி உண்மை. ஈறு மன்னிக்கும் குணமுள்ளது. கிளிப்பை எடுத்து, ஒழுங்காகத் தேய்த்தால் ஈறு அழற்சி அடங்கிவிடும். மீதிப் பாதியைத்தான் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. படலத்தில் ஊறும் அமிலம், பிராக்கெட்டைச் சுற்றி எனாமலில் இருக்கும் கால்சியத்தைக் கரைக்கிறது. நாலே வாரத்தில் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு விழ ஆரம்பிக்கும். கிளிப் எடுக்கும் நாளில் வரிசையாக நிற்கும் பல்லில், பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளை வட்டம். சில திட்டுகள் மங்கும். பல திட்டுகள் ஆயுசுக்கும் நிற்கும். எலும்பு கரைந்திருந்தால் அதுவும் தானாகத் திரும்பி வராது. துலக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைக்குக் கிளிப்பைப் பாதியில் கழற்றிவிடுவது சில சமயம் நல்ல மருத்துவம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள்.

இன்று ராத்திரி அவனைத் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். செல்போன் டார்ச்சை அடித்து, உதட்டை விலக்கி, ஈறு ஓரத்தை இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடியில் பாருங்கள். நல்ல ஈறு இறுக்கமாக, கத்தி முனை மாதிரி பல்லை ஒட்டி இருக்கும். கெட்ட ஈறு சிவந்து உருண்டு நிற்கும். அவனே தேய்க்கட்டும். ஏழு நாள் கழித்து அதே டார்ச், அதே கண்ணாடி. ரத்தம் குறைந்திருப்பதை அவன் தன் கண்ணாலேயே பார்ப்பான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.